தலையில் தையலோடு இருந்த டிஃபெண்டரை கோல் அடிக்க அனுப்பிய பயிற்சியாளர்: யார் இந்த ரஹீம்?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் திரும்பும். செக்போஸ்ட்டைத் தாண்டினால் இடுக்கி. அந்த ஜீப்பில் பின்னால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஸ்டீயரிங் முன்னால் அப்படி உட்கார முடியாது. வழக்கமாக ஓட்டுகிற அண்ணனுக்குக் காய்ச்சல்னு வச்சுக்கோங்க. லைசென்ஸ் இருக்கிற பத்துப் பேர் ஊரில் இருப்பார்கள். பனி இறங்கும்போது எந்த வளைவில் கியரைக் குறைக்கணும், எங்கே ஹாரன் அடிச்சுட்டுத் திரும்பணும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஆளை காலை ஐந்து மணிக்குத் தேட ஆரம்பித்தால் அன்றைய கூலி போச்சு.

விளையாட்டு அணிகளுக்கும் இதே தலைவலி உண்டு. அமெரிக்கர்கள் முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடும் அவர்கள் ஊர் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஓர் இடம் இருக்கிறது. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்து ஆளிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில விநாடிகளில் முடிவெடுப்பவர் அவர்தான். அவர் விழுந்தால் அணியே தடுமாறும். 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு அதுதான் நடந்தது. அதே ஆண்டு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்த ட்ரூ பிளெட்சோ அடிபட்டு வெளியே போனார். உள்ளே வந்தவர், முந்தைய ஆண்டு வீரர்கள் தேர்வில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட ஓர் இளைஞர். பெயர் டாம் பிராடி. அந்த சீசனில் கோப்பையே அவர்கள் கைக்கு வந்தது.

இதைச் சொல்லும்போது எல்லாரும் பிராடியின் அதிர்ஷ்டத்தைப் பேசுவார்கள். 199-வது ஆளை அணியில் வைத்து, ஒரு வருஷம் பழக்கி, தயாராக உட்கார வைத்தது யார் என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஒரு பதில் உண்டு. அதற்கு நாம் 1962-க்குப் போகணும்.

ஜகார்த்தாவில் என்ன சிக்கல்?

1962 ஆகஸ்ட். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியக் கால்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் பலமாக அடிபட்டது, தையல் போட வேண்டியதாயிற்று.

ஜர்னைல் யார் தெரியுமா? இந்தியத் தற்காப்பின் நடுத்தூண். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை மறிக்கும் ஸ்டாப்பர். தலையால் பந்தை முட்டி வெளியேற்றுவதுதான் அவருடைய முக்கால்வாசி வேலை. அந்தத் தலையில்தான் இப்போது கட்டு. இந்தக் காலம் மாதிரி ஆட்டத்துக்கு நடுவில் ஆள் மாற்றும் வழக்கம் அன்றைக்கு வேரூன்றவில்லை. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர் முறை 1970-ல்தான் வந்தது. களத்தில் இறக்கிய ஆள் பாதியில் விழுந்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான்.

ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இல்லை. இந்தியா 2-0 என்று தப்பித்தது. அரையிறுதியில் தென் வியட்நாம் காத்திருந்தது. அடிபட்ட ஆளை உட்கார வைத்தால் முன்னால் பலம் போதாது, பழைய இடத்திலேயே இறக்கினால் தையல் பிரியும். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அப்போது எடுத்த முடிவு இன்றைக்குப் படித்தாலும் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். ஸ்டாப்பரை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். ஜர்னைல் காலி செய்த இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார்.

சூதாட்டமா? அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ரஹீம் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பள்ளிக்கூட வாத்தியார்

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17, ஹைதராபாத்தில். நிஜாம் ஆட்சி நடந்த காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே கால்பந்தும் ஆடி, பிறகு ஆசிரியர் வேலைக்குப் போனார். கச்சிகுடா, சாதர்காட் எனப் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். இடையில் உடற்கல்வியில் டிப்ளமோவும் படித்தார். உள்ளூர் கிளப்புகளில் ஆடியவர்தான், ஆனால் ஆட்டக்காரராக அவர் பெயர் ஊர் தாண்டவில்லை.

வகுப்பறைப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் எண்ணம். நல்ல வாத்தியாருக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பையனுக்குக் கணக்கு வரும், எவனுக்குக் கையெழுத்து வரும், எவன் பின் வரிசையில் தூங்குவான் என்று நாற்பது பேரையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருப்பார். ஆட்டக்காரர்களையும் ரஹீம் அப்படித்தான் தெரிந்து வைத்திருந்தார். ஒருவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதோடு, சின்ன வயதில் எந்த இடத்தில் ஆடினார், எந்தக் கால் பலவீனம் என்பதெல்லாம் அவர் கணக்கில் இருந்தது.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை சிட்டி போலீஸ் தொடர்ந்து ஐந்து முறை தூக்கியது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் அன்றைக்கு இந்தியக் கால்பந்தின் முடிசூடிய மன்னர்கள். அவர்கள் நடுவில் தக்காணத்துப் போலீஸ்காரர்கள் வந்து ஐந்து வருஷம் உட்கார்ந்தார்கள் என்றால் சும்மா இல்லை.

ஆட்களை எப்படிப் பிடித்தார்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு அணிக்கு ஆள் கிடைப்பதற்கு அந்தக் காலத்தில் இருந்த வழி என்ன? ஏற்கெனவே பேர் வாங்கியவரை இன்னொரு கிளப்பிலிருந்து இழுத்து வருவது. கல்கத்தா கிளப்புகள் அதைச் செய்தன. ஹைதராபாத்தில் அவ்வளவு பணம் புழங்கவில்லை. ரஹீம் வளர்க்கத் தொடங்கினார்.

சங்கத்தின் செயலாளராக இருந்ததால் போட்டிகளை அவரே வடிவமைக்க முடிந்தது. ட்ரிப்ளிங் செய்யக் கூடாது என்று விதி வைத்து ஒரு போட்டி. பந்தை வாங்கினால் உடனே தள்ளிவிட வேண்டும், காலில் வைத்து வித்தை காட்டக் கூடாது. வராத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. வலது காலன் இடது காலால் திணறுவான், திணறித் திணறிப் பழகுவான். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு போட்டி. பொதுவான ட்ரையல்ஸில் நெட்டையான பையன்கள் நடுவில் காணாமல் போகிற குட்டைப் பையன்கள் அங்கே கண்ணில் படுவார்கள். படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவதுதான். திறமை இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போகிறவர்கள் எங்கே ஒளிந்திருப்பார்கள் என்று யோசித்த மனசு அது.

போலீஸ் அணி என்பதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஏழைப் பையனுக்குக் கால்பந்து சோறு போடாது, போலீஸ் வேலை போடும். கேரளத்தில் இருக்கும் வாசகர்களுக்கு இது புதுசு இல்லை. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன் எல்லாம் ஆடிய கேரள போலீஸ் அணி 1990, 1991 என்று அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது நினைவிருக்கும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் விஜயன் போலீஸ் வேலைக்கு வந்துதான் நிலைத்தார். அதே பாதையை நாற்பது வருஷம் முன்னால் ஹைதராபாத் போட்டிருந்தது.

ரஹீம் கண்டுபிடித்தவர்களில் துளசிதாஸ் பலராம் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1936-ல் பிறந்தவர். வீட்டில் வசதி கிடையாது. ரஹீம் அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹைதராபாத் அணியின் பயிற்சிக்கு வரச் சொன்னார். தினமும் அவ்வளவு தூரம் வந்து போகக் காசில்லை என்றார் பலராம். சைக்கிள் வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்தார் என்பது பலராம் பின்னாட்களில் சொன்ன விஷயம். அந்த சைக்கிள் மிதித்து வந்த பையன் 1956-ல் ஹைதராபாத்துக்காக ஆடினார், அதே ஆண்டு இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கும் போனார்.

இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். ஆரம்பத்தில் அவர் கோல்கீப்பரே இல்லை, சென்டர் ஃபார்வர்டு. ஆறடிக்கு மேல் உயரம். கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார்கள், அங்கேயே தங்கிவிட்டார். அந்த அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது. தங்கராஜை மாற்றி நிறுத்தியது ரஹீம் இல்லை, ராணுவ அணி. இருந்தாலும் இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருவரின் உண்மையான இடம் அவர் முதலில் நின்ற இடமாக இருக்கணும்னு அவசியம் இல்லை என்பதற்கு நடமாடும் உதாரணத்தை ரஹீம் தன் அணியிலேயே வைத்திருந்தார்.

பத்து கோல் வாங்கிய நாள்

எல்லாமே வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் ரஹீமின் இந்திய அணி இரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது, மேவாலால் அடித்த கோலில். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். யூகோஸ்லாவியாவிடம் 1-10. ஆமாம், ஒன்றுக்குப் பத்து. நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. உள்நாட்டில் 70 நிமிட ஆட்டம் ஆடிப் பழகியவர்கள், அங்கே 90 நிமிடம் ஓடணும்.

இப்படி அடி வாங்கினால் பொதுவாக என்ன நடக்கும்? பயிற்சியாளரைத் துரத்துவார்கள், அல்லது பயிற்சியாளர் நாலு ஆட்டக்காரர்களைத் துரத்துவார். இங்கே நடந்தது வேறு. சர்வதேச ஆட்டங்களுக்கு பூட்ஸ் கட்டாயம் ஆனது. ரஹீம் ஆட்ட முறையையே மாற்றத் தொடங்கினார். 1953-ல் ஹங்கேரி அணி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று சாய்த்தபோது, ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி வந்து ஆடினார். அவரை மறிக்க வேண்டிய இங்கிலாந்து ஸ்டாப்பருக்கு, கூடவே போவதா நிற்பதா என்றே புரியவில்லை. உலகமே அதிர்ந்த அந்த ஆட்டத்தின் பாடத்தை இந்தியாவில் முதலில் எடுத்துக்கொண்டவர்களில் ரஹீம் ஒருவர். எண்ணுக்கு ஏற்ற இடத்தில் ஆளைக் கட்டி வைக்காமல், வேலைக்கு ஏற்ற மாதிரி நகர்த்துவது என்ற யோசனை அங்கிருந்து அவருக்குள் பலப்பட்டது.

1956 மெல்போர்ன். பெரும்பாலும் புதிய முகங்கள். பி.கே. பானர்ஜிக்கும் பலராமுக்கும் இருபது வயதுதான். கோழிக்கோட்டுக்காரர் ஒலிம்பியன் ரஹ்மான் தற்காப்பில். தங்கராஜோடு இன்னொரு கோல்கீப்பராகப் போனவர் பாலக்காடு பக்கம் ஒற்றப்பாலத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த எஸ்.எஸ். நாராயணன். டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. நெவில் அடித்த கோலில் இந்தியா முன்னிலைக்கே போனது, கடைசியில் 1-4. நாலு வருஷம் முன்னால் பத்து வாங்கிய அதே எதிரியிடம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம்.

1960 ரோமில் இன்னும் ஒரு படி மேலே ஆடினார்கள் என்பேன், புள்ளிப் பட்டியல் அதைக் காட்டாவிட்டாலும். ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோல்வி, பிரான்ஸோடு 1-1 டிரா. பெருவிடம் 1-3 என்று தோற்றார்கள். அந்த அணியில் ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீமும் இருந்தார். ஒரு ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. அப்பா பயிற்சியாளராக இருந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருமலோடு ஜகார்த்தாவுக்கு

ரஹீம் சிகரெட்டை விடாதவர். 1962-ல் அணியோடு ஜகார்த்தா போனபோது நுரையீரல் புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த அணியைத் தயார் செய்ய இன்னொரு நாலு வருஷம் இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது ஜர்னைலிடம் திரும்புவோம். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையிலும் ஆடியவர். பல பேருக்கு அது மறந்துபோன பழங்கதை. ரஹீமுக்கு அது கையிருப்பு. நல்ல உயரம், எலும்பு முறிக்கிற உடம்பு, பயம் கிடையாது. எதிரணி டிஃபெண்டர்களுக்கு அவரைப் பார்த்தாலே கவனம் அவர் பக்கம் போகும், அந்த இடைவெளியில் சுனி கோஸ்வாமியும் பி.கே.யும் பலராமும் புகுந்துகொள்ளலாம். பின்னால் இருந்தால் வருகிற ஒவ்வொரு பந்துக்கும் அவர் தலையைக் கொடுத்தே ஆகணும். முன்னால் என்றால் எந்தப் பந்துக்குத் தாவுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். தையல் போட்ட தலைக்கு எது பாதுகாப்பு என்று பார்த்தால் கணக்கு புரியும்.

அரையிறுதியில் இந்தியா 3, தென் வியட்நாம் 2. சுனி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென்கொரியா, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்தவர்கள். இங்கே ரஹீம் இன்னொரு மாற்றம் செய்தார். தங்கராஜுக்குக் காய்ச்சல் என்பதால் பிரத்யுத் பர்மன் கோலில் நின்றிருந்தார். பர்மன் மோசமாக ஆடவில்லை. வென்ற அணியைக் கலைக்காதே என்பது எல்லா விளையாட்டிலும் பழைய பாடம். ஆனால் கொரியர்கள் உயரமாகப் பந்தை அனுப்பித் தாக்குபவர்கள், அதற்கு தங்கராஜின் உயரம் வேண்டும். காய்ச்சல் விட்டு வந்தவரையே ரஹீம் நிறுத்தினார். ஜெயித்துக் கொடுத்த பர்மனை உட்கார வைப்பது லேசான காரியமா? மாற்று ஆள் சரியாக ஆடிய பிறகு பழைய ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. பேட்ரியட்ஸ் கதையிலும் இது உண்டு. கடைசிச் சுற்றுக்கு முந்தைய ஆட்டத்தில் பிராடி அடிபட, பழைய நாயகன் பிளெட்சோ இறங்கி வெற்றிக்கு உதவினார். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் பிராடிதான். யாரோ ஒருவர் மனசு நோகத்தான் செய்யும்.

செப்டம்பர் 4. செனயான் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிர். ஏன்? தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேசியா இந்தப் போட்டிக்கு அனுமதிக்கவில்லை. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்றே அழைக்கக் கூடாது என்று இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கிளப்பிய பிரச்சினையில் ஜகார்த்தாவே கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அந்தக் கோபமெல்லாம் பதினோரு ஆட்டக்காரர்கள் மேல் இறங்கியது. இந்தியாவின் தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சல் ஓயவில்லை.

முந்தின நாள் இரவு ரஹீம் ஆட்டக்காரர்களிடம் தனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டதாகவும், அது தங்கம்தான் என்றதாகவும் அந்த அணியினர் பிற்பாடு நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அவர் உடல்நிலையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

17-வது நிமிடத்தில் பி.கே. முதல் கோல். 20-வது நிமிடத்தில் இரண்டாவது. அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தலையில் கட்டோடு நின்ற ஸ்டாப்பர், ஜர்னைல் சிங். மூன்று நிமிடத்தில் இரண்டு கோல். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியர்கள் மோதிக்கொண்டே இருந்தார்கள். அருண் கோஷ், திரிலோக் சிங், இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து வந்த சந்திரசேகரன் எல்லாம் சேர்ந்து மறித்தார்கள். உயரப் பந்துகளை தங்கராஜ் பார்த்துக்கொண்டார். 85-வது நிமிடத்தில்தான் கொரியாவுக்கு ஒரு கோல் கிடைத்தது. 2-1. தங்கம்.

ரஹீமுக்கு மாற்று யார்?

1963 ஜூன் 11. ரஹீம் ஹைதராபாத்தில் இறந்தார். வயது 53. தங்கம் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு பலராமும் உடல்நலக் குறைவால் ஆட்டத்தை விட்டார், வெறும் 27 வயதில்.

அடுத்த ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில், ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளரின் கீழ் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. ரஹீம் இல்லாமலும் வண்டி ஓடும் போலிருக்கே என்று அப்போது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஓடியது உண்மையில் ரஹீம் நிரப்பி வைத்த எண்ணெயில். அந்தத் தலைமுறை முதுமை எட்ட எட்ட எண்ணெய் தீர்ந்தது. 1966 ஆசியப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

இதில் ரஹீம் மேலும் ஒரு குறை சொல்லலாம். சங்கத்துக்கும் அவரே செயலாளர், போலீஸ் அணிக்கும் அவரே பயிற்சியாளர், நாட்டு அணிக்கும் அவரே. வராத காலால் ஆடும் போட்டி, உயரம் குறைந்தவர்களுக்கான போட்டி இதெல்லாம் அவர் ஒருவர் தலையில் இருந்த திட்டங்கள். யார் யாருக்கு மாற்று என்ற பட்டியல் அவர் நினைவில் இருந்தது, எந்த அலுவலக அலமாரியிலும் இல்லை. பதினோரு இடத்துக்கும் மாற்று ஆள் வைத்திருந்தவர், பன்னிரண்டாவது இடமான தன் இடத்துக்கு யாரையும் தயார் செய்யவில்லை. அது அவர் வேலையா, அகில இந்தியச் சம்மேளனத்தின் வேலையா என்று கேட்டால், சம்மேளனத்தின் வேலை என்பேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே இவ்வளவும் செய்த மனிதரிடம் அதையும் கேட்பது நியாயம் இல்லை.

2024-ல் அஜய் தேவ்கன் நடிப்பில் வந்த மைதான் படத்தைப் பார்த்துத்தான் பலருக்கு ரஹீம் பெயரே தெரிய வந்தது. சினிமாவுக்காகச் சேர்த்த காட்சிகள் அதில் நிறைய உண்டு, அதையே சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகன் ஹக்கீம் பிறகு சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து 2021-ல் காலமானார். சைக்கிள் வாடகை வாங்கி வந்த பலராம் 2023-ல் காலமானார்.

ரோமில் கேப்டனாக இருந்து, ஜகார்த்தா இறுதியில் முதல் கோல் அடித்த பி.கே. பானர்ஜி பின்னாளில் பயிற்சியாளர் ஆனார். 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டிக்கு ஜி.எம்.எச். பாஷாவுடன் சேர்ந்து அணியைக் கொண்டுபோனார். வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து வாங்கிய கடைசிப் பதக்கம் அது. ஒலிம்பிக்ஸுக்கு ரோமுக்குப் பிறகு போகவே இல்லை.